வேம்பு மூன்று: உயிரினங்களுக்குப் பெயரிடும் முறை



செம்பூர் மீன் அங்காடியில் ஒரு காலை வேளையில் சிறிது நேரம் நின்று செவிமடுப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும். கூடையில் கிடக்கும் மீன் ஒன்று. அதற்கு வழங்கும் பெயர்களோ பல. விற்கும் கோளிப் பெண்மணி அதனைப் ‘பாங்டா’ என்கிறார். சென்னையிலிருந்து வந்து குடியேறியவர் ‘கானாங்கெளுத்தி’ என்கிறார். குமரி மாவட்டத்தவர் ‘அயிலை’ என்கிறார். மூவரும் சுட்டுவது ஒரே மீனைத்தான். இவற்றுள் கானாங்கெளுத்தி என்ற பெயரைக் கேட்டு, அது கெளுத்தி வகையைச் சேர்ந்தது போலும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். கெளுத்திக்கு மீசையுண்டு, செதிள் இல்லை. கானாங்கெளுத்திக்குச் செதிள் உண்டு, மீசையில்லை. இரண்டும் வெவ்வேறு கூட்டத்தைச் சேர்ந்தவை. அதே அங்காடியில் காயவைத்து விற்கப்படும் ‘பொம்பில்’ என்னும் மீனுக்கு ஆங்கிலேயர் ‘பம்பாய் வாத்து’ என்று பொருள்படும் பெயரை வழங்கிவிட்டனர். கவனமற்ற மொழிபெயர்ப்பாளன் ஒருவன் கையில் அது அகப்பட்டால், நீரில் நீந்தும் மீன் தமிழில் சிறகடிக்கத் தொடங்கிவிடும்.

பிறந்த ஊரைவிட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்குப் பெயர்க் குழப்பம் புதிதன்று. பெயர் ஒன்றாக இருந்து பொருள் இரண்டாவதும், பொருள் ஒன்றாக இருந்து பெயர் பத்தாவதும் நாம் நாள்தோறும் காண்பவை. மீனளவில் இது வெறும் வேடிக்கை, மருந்தளவில் அவ்வாறன்று. உயிர்நூல் வல்லுநர் இக்குழப்பத்தை எவ்வாறு தீர்த்தனர், அவர்கள் வகுத்த முறையால் நமக்கு விளையும் நன்மை யாது என்பவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

பெயரால் வந்த பிழை

முதலில் எமது பிழையொன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த ஒரு மழைக்காலத்தில், அணுசக்தி நகரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த முதிய அம்மையார் ஒருவர் நிலவேம்பு வாங்க விரும்பினார். ஊரிலுள்ள சித்த வைத்தியர் சொல்லியிருந்தாராம். நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எம்மிடம் வந்து, இவ்வூர்ப் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருமாறு கேட்டார். நாமும் பழைய அகராதியொன்றைப் புரட்டிப் பார்த்து, ‘சிராயதா’ என்று எழுதிக் கொடுத்தோம். கடையிலும் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தனர்.

மறுநாள் அம்மையார் பொட்டலத்துடன் வந்தார். “இதைப் பாருங்கள், தம்பி. நம் ஊர் நிலவேம்பு இப்படி இராதே” என்றார். தாவர நூல் அறிந்த நண்பரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, “இது இமயமலைச் சாரலில் விளையும் ஸ்வெர்ஷியா சிராயிதா. நீங்கள் தேடும் நிலவேம்பு ஆண்ட்ரோகிராஃபிஸ் பனிகுலாட்டா. இந்தியில் அதைக் காலமேக் என்பார்கள். இரண்டுக்கும் கசப்பு ஒன்றுதான், குலம் வேறு” என்றார். சில தமிழ் நூல்கள் இரண்டு செடிகளையுமே நிலவேம்பு எனக் குறித்திருப்பதை நாம் பின்னரே அறிந்தோம். நல்வாய்ப்பாக, அந்தப் பொட்டலம் அடுப்பில் ஏறுமுன் உண்மை வெளிப்பட்டது. அம்மையாரின் கண்ணுக்குத் தெரிந்தது, அகராதியை நம்பிய எமக்குத் தெரியாமற் போயிற்று. வைத்தியரிடம் இரண்டே இரண்டு சொற்களைக் கேட்டு எழுதியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. அந்த இரண்டு சொற்களின் வரலாறே இவ்வுரையின் பொருள்.

முன்னோர் வகுத்த வகைகள்

உயிர்களைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்துப் பார்ப்பது மனிதனுக்கு இயல்பான செயல். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவுப் புலன்களின் எண்ணிக்கையால் ஆறாகப் பகுக்கிறது. தொடுவுணர்வு ஒன்றே உடைய புல்லும் மரமும் முதற்படி. நத்தை முதலியன இரண்டறிவு உடையன. எறும்பும் கறையானும் மூன்றறிவு உடையன. நண்டும் தும்பியும் நான்கறிவு உடையன. விலங்குகள் ஐந்தறிவு உடையன. மனமென்னும் ஆறாம் அறிவு உடையவர் மக்கள். எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதை முதலில் தீர்மானித்து, பின்னர் அவ்வளவுகோலை முரணின்றிப் பயன்படுத்திய சீரிய முறை இது.

அதே மரபியலில் மற்றொரு பகுப்பும் உண்டு. தண்டின் வெளிப்புறம் வயிரமேறி, உட்புறம் மென்மையாக இருப்பவற்றைப் புல்லென்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரமென்றும் அது பிரிக்கிறது. இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் மரமல்ல, புல். இது கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இன்றைய தாவர நூலாரும் தென்னையையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற ஒரே பெரும் பிரிவிலும், மாவையும் வேம்பையும் வேறொரு பிரிவிலும் வைக்கின்றனர். மாமரம் ஆண்டுதோறும் உள்ளே புதிய வளையமிட்டுப் பருக்கிறது. தென்னைக்கு அவ்வளர்ச்சி இல்லை. அதன் உறுதியெல்லாம் வெளிப்புறத்திலேயே திரண்டிருக்கிறது. தென்னைக்கு ஓலை என்றும் மாவுக்கு இலை என்றும் நாம் இன்றும் வேறுபடுத்திச் சொல்வது அப்பழைய பகுப்பின் எச்சமே.

எனினும், இவ்வகைப் பகுப்புகள் அம்மொழி பேசுவோருக்கு மட்டுமே பயன்பட்டன. கடல் வாணிகம் பெருகி, ஒரு நாட்டுச் செடியை மற்றொரு நாட்டார் அறிய வேண்டிய நிலை வந்தபோது, பொதுவான பெயர் தேவைப்பட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் என்பவர் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், கொங்கணி வைத்தியர் மூவரும் தங்கள் அறிவை அதற்கு வழங்கினர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. லத்தீனில் அடைபட்டுக் கிடந்த அந்நூலைக் கேரளத்துத் தாவர நூலறிஞர் கே. எஸ். மணிலால் பல்லாண்டுகள் உழைத்து ஆங்கிலமாக்கினார். அம்மொழிபெயர்ப்பு 2003-இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்புத் துறையில் இருப்போர் தலைவணங்க வேண்டிய உழைப்பு அது.

இரண்டு சொற்களின் பிறப்பு

சுவீடன் நாட்டைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் (1707–1778) என்பவரே இன்று வழங்கும் பெயரீட்டு முறையை நிலைநிறுத்தியவர். அவருக்கு முன் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு நீண்ட லத்தீன் வாக்கியமாக இருந்தது. இலை இன்ன வடிவம், பூ இன்ன நிறம் என்று அடுக்கிக்கொண்டே போகும். புதிதாக மற்றொரு செடி அகப்பட்டால், வேற்றுமை காட்ட வாக்கியம் இன்னும் நீளும். லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 6,000 தாவரங்களுக்கு இரண்டு சொற்களால் ஆன பெயர்களை அமைத்தார். 1758-இல் விலங்குகளுக்கும் அவ்வாறே செய்தார். அந்த இரண்டு நூல்களும் இன்றும் எல்லைக் கற்களாக நிற்கின்றன. தாவரப் பெயர்களுக்கு 1753 மே 1-ஆம் நாளும், விலங்குப் பெயர்களுக்கு 1758 சனவரி 1-ஆம் நாளும் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றன. அவற்றுக்கு முற்பட்ட பெயர்களுக்குப் பொதுவாக உரிமை இல்லை.

இவ்விரு சொற்களின் இயல்பைத் தமிழருக்கு விளக்குவது எளிது. வடபுலத்திலும் மராட்டியத்திலும் விண்ணப்பத் தாளை நிரப்பும்போது, ‘குலப்பெயர்’ என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று நம்மவர் திகைப்பதுண்டு. நம் வழக்கில் முன்னே நிற்பது தந்தை பெயரின் முதலெழுத்து. பின்னே வருவதே அவரவர் பெயர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் யாவருக்கும் முதலெழுத்து பொது. பெயர் மட்டும் வேறு. லின்னேயஸின் முறையும் ஏறக்குறைய இதுவே. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். நெருங்கிய உறவுடைய பலவற்றுக்கும் அது பொது. இரண்டாஞ்சொல் சிற்றினத்தைக் குறிக்கும். மாமரத்தின் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. ‘மாங்காய்’ என்ற நம் சொல்லும், தாங்குவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லும் கூடி அமைந்தது முதற்சொல். ‘இந்தியாவுக்குரிய’ என்பது இரண்டாஞ்சொல்லின் பொருள். நம் அயல்வீட்டு மரமே லத்தீன் உடை தரித்து நிற்கிறது.

லத்தீன் உடை என்றோம். உள்ளிருக்கும் உடல் பல நேரங்களில் நம்முடையதே. முருங்கையின் பேரினப் பெயர் ‘மொரிங்கா’; அது தமிழ், மலையாளச் சொல். புங்கத்தின் பேரினப் பெயர் ‘பொங்காமியா’. மும்பையில் ‘சீக்கூ’ என்றும் நம்மூரில் சப்போட்டா என்றும் வழங்கும் பழத்தின் பெயர் மணில்காரா சப்போட்டா. முதற்சொல் வான் ரீடின் நூலிலிருந்து எடுத்த மலையாளச் சொல். இரண்டாவது மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மொழியிலிருந்து பிறந்தது. முன்பு கண்ட பாங்டா மீனின் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கானகுர்த்தா. கானகுர்த்தா என்பது தெலுங்கு. விசாகப்பட்டினத்து மீன்களை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அதனைக் குறித்து வைத்தார். கண்ணாடி விரியனின் பெயரான டபோயா ரஸ்ஸலியை என்பதிலுள்ள இரண்டாஞ்சொல் அவரைக் குறிப்பதே. அணுசக்தி நகரை அடுத்த கழிமுகச் சதுப்பில் அடர்ந்து நிற்கும் வெண்கண்டலின் பேரினமாகிய அவிசென்னியா, இபின் சீனா என்னும் பழம்பெரும் மருத்துவரை நினைவூட்டுகிறது.

பெயரிடுவதற்குச் சில கண்டிப்பான விதிகள் உண்டு. ஓர் உயிரினத்துக்கு இருவர் தனித்தனியே பெயரிட்டிருந்தால், பொதுவாக முற்பட்ட பெயரே நிலைக்கும். ஒரு பேரினத்துள் ஒரே இரண்டாஞ்சொல் இருமுறை வரலாகாது. புதுப்பெயர் சூட்டுபவர் அதன் இலக்கணத்தை வெளியிடுதல் வேண்டும். அத்துடன், இப்பெயர் இதற்கே உரியது என்று சுட்டிக்காட்ட ஒரு சான்று மாதிரியைப் பொது நிலையமொன்றில் பாதுகாத்து வைத்தலும் வேண்டும். ஐயம் எழுந்தால், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதனை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் உள்ள மதராஸ் உலர்தாவரச் சேமிப்பகமும், மும்பை சேவியர் கல்லூரியில் உள்ள பிளாட்டர் சேமிப்பகமும், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பறவை, விலங்குத் தொகுப்புகளும் இவ்வகைக் கருவூலங்களே. காய்ந்த இலைகள் ஒட்டிய தாள்கள்தாமே என்று அவற்றை எண்ணிவிடலாகாது. பத்திரப் பதிவகம் இல்லாமல் நிலத்துக்கு உரிமை காட்ட இயலாதவாறு, இச்சேமிப்பகங்கள் இல்லாமல் பெயருக்குப் பொருள் காட்ட இயலாது.

வேம்பு மூன்றின் உறவு

பெயர் என்பது பாதி வேலை. உறவைக் காண்பதே மறுபாதி. அதனை நம் சமையலறையில் உள்ள ஒரு பொருளைக் கொண்டே காண்போம்.

கறிவேப்பிலை என்ற சொல்லுக்குள் வேம்பு இருக்கிறது. மராத்தியில் வேம்பு ‘கடுநிம்ப்’; கறிவேப்பிலை ‘கடீநிம்ப்’. இந்தியில் கறிவேப்பிலையை ‘மீட்டா நீம்’, அதாவது இனிப்பு வேம்பு, என்றும் சொல்வர். மூன்று மொழியினரும் சொல்லி வைத்தாற்போல் அதனை வேம்பின் உறவாகவே கண்டனர். இனி, கறிவேப்பிலை ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போன்ற ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை நறுமண எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை இலையிலும் நாரத்தை இலையிலும் வில்வ இலையிலும் அதே புள்ளிகள் உண்டு. வேப்பிலையில் அவை தெரியா. இவ்வடையாளத்தோடு பூவின் அமைப்பையும் கனியின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்துத் தாவர நூலார் கறிவேப்பிலையை எலுமிச்சைக் குடும்பத்தில் சேர்த்தனர். ரூட்டேசி என்பது அக்குடும்பத்தின் பெயர். வேம்பு மீலியேசி என்ற வேறு குடும்பம்.

அப்படியாயின் நம் முன்னோர் கண்டது முற்றும் பிழையா? அன்று. உறவில் படிகள் உண்டு. சிற்றினங்கள் பல சேர்ந்து பேரினம். பேரினங்கள் பல சேர்ந்து குடும்பம். குடும்பங்கள் பல சேர்ந்து வரிசை. அதற்கு மேல் வகுப்பு, தொகுதி, உலகம் என்று படிகள் உயரும். வீடு, தெரு, ஊர், வட்டம், மாவட்டம் என்று அஞ்சல் முகவரி விரிவது போன்றது இது. எலுமிச்சைக் குடும்பமும் வேப்பங் குடும்பமும் சாபிண்டேலிஸ் என்ற ஒரே வரிசையில் அடங்குகின்றன. மாமரத்தின் குடும்பமும் அதே வரிசையைச் சேர்ந்ததே. ஆகவே கறிவேம்பும் வேம்பும் ஒரு வீட்டார் அல்லர். ஆயினும் ஓர் ஊரார். மூன்றாவதாகிய நிலவேம்போ இவ்வூரைச் சேர்ந்ததே அன்று. அது ஆடாதோடையும் கனகாம்பரமும் அடங்கிய அகாந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. துளசியும் எள்ளும் அடங்கிய வேறொரு வரிசையில் நிற்பது. கசப்பு ஒன்றே அதனை வேம்பாக்கிற்று.

கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் ஒரு தமிழ்நாட்டு வரலாறும் அடங்கியிருக்கிறது. லின்னேயஸின் மாணாக்கரான யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவர் 1768-இல் தரங்கம்பாடிக்கு டேனிஷ் சமயப் பணிக்குழுவின் மருத்துவராக வந்தார். சோழ மண்டலக் கரையெங்கும் செடிகளைத் திரட்டினார். அவர் பெயரையே லின்னேயஸ் கறிவேப்பிலைக்குச் சூட்டிப் பெர்கெரா கோனிகியை என்றார். பின்வந்தோர் அதனை முர்ரயா என்ற பேரினத்துக்கு மாற்றினர்; முர்ரயா கோனிகியை என்ற பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. அண்மைய ஆய்வுகளைக் கொண்டு, மீண்டும் பெர்கெரா என்பதே பொருந்தும் என்கின்றனர் வல்லுநர் பலர். முதற்சொல் மாறியும் இரண்டாஞ்சொல் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். வீடு மாறினாலும் அவரவர் பெயர் மாறாதன்றோ?

உறவறிதலின் பயன்

இவ்வளவு நுணுகிப் பார்த்து ஆவதென்ன என்று சிலர் வினவலாம். உறவை அறிந்தால் பண்பை முன்கூட்டியே ஊகிக்கலாம் என்பதே விடை. மாங்காய்ப் பால் உதட்டில் பட்டால் புண்ணாவது நாமறிந்ததே. முந்திரிக் கொட்டையின் ஓட்டெண்ணெய் கையைச் சுடும். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். மா, முந்திரி, சேங்கொட்டை ஆகிய மூன்றும் ஒரே குடும்பம்; அவற்றின் சாற்றிலுள்ள எரிபொருள்களும் ஒத்த தன்மையன. ஒன்றினால் துன்புற்றவர் மற்றவற்றிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம் என்பதைக் குடும்பப் பெயரே அறிவுறுத்துகிறது.

பாம்புக்கடி மருத்துவத்தில் இதன் அருமை இன்னும் தெளிவாகும். இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கன் நஞ்சைக் கொண்டு ஆக்கப்படுவது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பிடித்து நஞ்செடுத்துத் தரும் பாம்புகளும் இந்நான்கே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் ஹிப்னேல் என்னும் கூன்மூக்குக் குழிவிரியன் உண்டு. அதன் கடிக்கு இம்மருந்து உதவுவதில்லை. கேரளத்தில் அதனால் கடியுண்டவர் சிலரின் பாம்பு சுருட்டை விரியன் என்று தவறாக எண்ணப்பட்டமையை 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று. அங்கே பெயர்ப்பிழை மருந்துப் பிழையாகவே முடிந்தது.

கண்ணால் பிரித்தறிய இயலாத இனங்களும் உள. ஊர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு, ஓரினம் அன்று. ஏ, பி, சி, டி, இ என்று குறிக்கப்படும் ஐந்து இனங்களின் கூட்டம் என்று அறியப்பட்டுள்ளது. இவற்றுள் ‘பி’ மலேரியாவைப் பரப்புவதில் மிகவும் வலிமை குன்றியது என்று கருதப்பட்டது. ஆயினும் இராமேசுவரத் தீவில் அதனாலேயே நோய் பரவுவது போலத் தோன்றிற்று. அங்கு ஆராய்ந்தோர் ஆண் கொசுக்களின் குரோமோசோம்களைச் சோதித்து, ‘பி’ என்று எண்ணியவற்றுள் ‘இ’ என்ற மற்றோரினம் கலந்திருப்பதைக் கண்டனர். 1999-இல் அம்முடிவு வெளியாயிற்று. நோய் பரப்பியது அந்த ‘இ’ இனமே. எந்தக் கொசுவை ஒழிப்பது என்று அறியாமல் மருந்தடிப்பது, ஆளறியாமல் வழக்குத் தொடுப்பது போலாகும். மும்பை போன்ற பெருநகரில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் வேறோர் இனம். மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிகளைத் தேடி நகராட்சிப் பணியாளர் மாடி ஏறி வருவதன் காரணம் இதுவே.

மாறும் வகைகள், மாறாத நோக்கம்

லின்னேயஸ் பூவிலுள்ள மகரந்தத் தண்டுகளை எண்ணித் தாவரங்களை வகுத்தார். அது எளிய முறை. ஆயினும் எண்ணிக்கை ஒத்திருப்பதாலேயே உறவாகிவிடாது. 1859-இல் டார்வின் தம் நூலை வெளியிட்ட பிறகு, வகைப்பாடு என்பது வம்சாவளியைக் காட்ட வேண்டும் என்ற கொள்கை வேரூன்றிற்று. உருவ ஒற்றுமை சில நேரங்களில் ஏமாற்றும். மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்த பின்னர், பல பழைய உறவுகள் கலைந்தன. எதிர்பாராத புதிய உறவுகள் வெளிப்பட்டன.

தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இமயமலைத் தார் ஆட்டின் பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. 2005-இல் வெளியான மரபணு ஆய்வு, அது செம்மறியாட்டுக்கே அதிக நெருக்கம் என்று காட்டிற்று. எனவே அதற்கென ‘நீலகிரிட்ராகஸ்’ என்ற தனிப் பேரினம் ஏற்பட்டது. நீலகிரி ஆடு என்பதே அதன் பொருள். காளானைப் பள்ளி நாளில் தாவரம் என்று படித்தோர் நம்முள் பலர். இன்று அது தனியோர் உலகம். தாவரத்தினும் விலங்குக்கே அது நெருங்கிய உறவு.

எங்கள் வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பனிக்காலம் தொடங்கியதும் தாணே கழிமுகத்துச் சேற்றுப் பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். ஆயிரக்கணக்கான பூநாரைகள் அங்கு வந்து இரை தேடும். 2015-இல் அப்பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சார் நிலமாகவும் ஏற்கப்பட்டது. நீண்ட காலும் நீண்ட கழுத்தும் கண்டு நாம் அதனை நாரை என்றோம். மேனாட்டு நூலாரும் நெடுங்காலம் நாரைக்கும் வாத்துக்கும் இடையே அதனை எங்கு வைப்பது என்று தடுமாறினர். 2001 முதல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் தீர்ப்பளித்தன. பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு நாரையன்று, வாத்தும் அன்று. நம்மூர்க் குளங்களில் தலைகீழாக மூழ்கி எழும் சிறிய முக்குளிப்பானின் கூட்டமே. உருவத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை, உதிரத்தில் உறவு.

வகைக்குள் வகை என்று ஒன்றும் உண்டு. அதனை இனத்தோடு குழப்பலாகாது. மல்கோவா, பங்கனப்பள்ளி, மும்பையின் ‘ஹாபூஸ்’ ஆகிய அனைத்தும் மாஞ்சிஃபெரா இண்டிகாவே. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிர் ஆய்வில் உருவாகி உழவரிடம் பரவிய ‘டி.ஏ.ஜி. 24’ என்ற நிலக்கடலையும் வேறினம் அன்று. அரக்கிஸ் ஹைபோஜியா என்ற பழைய இனத்தின் ஒரு சாகுபடி வகையே. கதிரியக்கத்தால் விளைந்த மாற்றங்களைத் தேர்ந்தெடுத்து நல்ல வகை காணலாம். அதனால் புதுக் குலம் தோன்றிவிடாது.

முடிவுரை

இதுவரை பெயர் பெற்ற உயிரினங்கள் ஏறத்தாழ 20 இலட்சம். நுண்கிருமிகளை நீக்கி, 2011-இல் செய்த மதிப்பீடொன்று மொத்தம் 87 இலட்சம் இருக்கலாம் என்கிறது. எனவே பெயரிடும் பணி பெரும்பாலும் இனித்தான் நடைபெற வேண்டும். காடுகளும் கழிகளும் சுருங்கி வரும் நாளில், பெயர் பெறாமலே மறையும் உயிர்கள் எத்தனையோ! பெயரில்லாத ஒன்றைக் காக்கச் சட்டம் இயற்றுவது எளிதன்று. அது மறைந்தது என்று வருந்தவும் ஒருவர் இரார்.

அறிவியற் பெயர் வந்ததால் ஊர்ப் பெயரைக் கைவிட வேண்டும் என்று யாரும் எண்ணற்க. அயிலை என்ற சொல்லில் குமரிக் கடலின் மணம் உண்டு. ராஸ்ட்ரெல்லிகரில் அது இராது. ஊர்ப் பெயர் நம் வீட்டு மொழி. அறிவியற் பெயர் உலகின் பொது மொழி. மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்து வாழும் இடங்களில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இரண்டும் தேவை. பிள்ளைகளிடம் கறிவேப்பிலை என்றும் சொல்லுங்கள், கடீபத்தா என்றும் சொல்லுங்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளையும் காட்டுங்கள். மருந்துச் செடி வாங்கும்போது மட்டும் வைத்தியரிடம் அந்த இரண்டு சொற்களை எழுதி வாங்கத் தவறாதீர்கள்.

எங்கள் குடியிருப்பு அம்மையாருக்கு இப்போது ஊரிலிருந்தே நிலவேம்பு வருகிறது. பொட்டலத்தின் மேல் தமிழில் ஒரு பெயரும், அதன் கீழே அறிவியற் பெயராகிய அந்த இரண்டு சொற்களும் எழுதியிருக்கும். அவர் அவற்றைப் படிப்பதில்லை. பிரித்து, ஓர் இலையை நுனிநாவில் வைத்துப் பார்த்தே ஏற்றுக்கொள்கிறார். நாமோ, பெயரைச் சரிபார்த்த பின்னரே அவரிடம் கொடுக்கிறோம். இரண்டு சோதனையும் இருப்பதே நல்லது.